பிடித்த கேலிபர், பிடிக்காத கேலிபர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே இல்லை. இந்தியாவில் இனிமேல் யாரும் ஆகவும் முடியாது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், உரிமம் வாங்கி வேட்டையாட ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் சாத்திவிட்டது. ரொம்ப நல்லது என்பதுதான் என் கட்சி. நான் கையில் பிடித்துச் சுட்ட ஒரே ரைஃபிள், என்.சி.சி. முகாமில் கொடுத்த .22. சுட்டதும் காகிதத்தைத்தான் :-)

"அப்புறம் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி எழுத நீ யாருடா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பேட்டைத் தொடாதவன் எல்லாம் சச்சினின் ஸ்ட்ரெய்ட் டிரைவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற ஊர் இது. தவிர, இந்த விவாதத்தில் பாதி வெறும் ப்ளஸ் டூ பிசிக்ஸ். இன்னொரு பாதி ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் எழுதி வைத்துவிட்டுப் போனது. இரண்டையும் படித்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் பப்ஜி ஆடுகிறவர்களைப் பார்த்தால், 5.56-ஐவிட 7.62 பெரிசு, பெரிசுன்னா நல்லது என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் நிஜமாகவே மான் வேட்டைக்குப் போகிறவர்களிலும் நிறைய பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான கட்டுரை.

கேலிபர்னா என்ன?

துப்பாக்கிக் குழலின் உள் விட்டம். அவ்வளவுதான். .30 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு, அதாவது சுமார் 7.62 மில்லிமீட்டர். ஆனால் பேச்சு வழக்கில் கேலிபர் என்றால் முழுத் தோட்டாவையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கும் கிடையாது. '.30-06'-ல் 06 என்பது 1906, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட வருடம். 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்' என்று படிக்க வேண்டும். ஆனால் '.30-30'-ல் இரண்டாவது 30, மருந்தின் எடை. '7x57'-ல் 57 என்பது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். கெமிஸ்ட்ரியில் பெயர் வைத்தவர்களே பரவாயில்லை என்று தோன்றும்.

சில கேலிபர்கள் பிறந்ததற்கு விலங்கு காரணமே இல்லை, அரசாங்கம்தான் காரணம். பிரிட்டிஷ் ஆட்சியில் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் .450 குழல் கொண்டவை. அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, சுமார் 1907-ல் இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 இறக்குமதியைத் தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் என்ன செய்தன? .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் புதுசாகச் செய்து இங்கே விற்றன. யானைக்கு .450-க்கும் .470-க்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. கஸ்டம்ஸ் அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் :-)

நம் ஊரில் உரிமத் துப்பாக்கி என்றால் இன்னமும் .315 என்று கேள்விப்படுவதற்கும் இதே கதைதான். .303 ராணுவத் தோட்டா, பொதுஜனம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற வேறு ஒரு அளவு. மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை அதைச் செய்தது.

என் அளவுகோல்

சரி, எதை வைத்து நல்லது கெட்டது சொல்வது? என்னிடம் ஒரே அளவுகோல்தான். சுடப்பட்ட விலங்கு அங்கேயே, சீக்கிரம், வலி குறைவாகச் சாகிறதா? இல்லை காயத்தோடு ஓடிப்போகிறதா?

இது ஏதோ ஜீவகாருண்யப் பேச்சு மட்டும் இல்லை. சம்பாவத் புலியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேபாளத்திலும் குமாயுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் கார்பெட் அதைச் சுட்டபிறகு வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ் கோரைப்பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். அந்தப் பல்லோடு அதனால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் அவர் முடிவு. ஆட்கொல்லிகள் உருவாவதற்குக் காரணம் சொல்லும்போது, சரியாகப் படாத குண்டையும், காயம்பட்டதைத் தேடிப்போய் முடிக்காமல் விட்டதையும் அவர் முன்னால் வைக்கிறார். முள்ளம்பன்றி முள்ளெல்லாம் அதோடு சேர்ந்து வருவது.

யாரோ ஒருவன் சரியாகச் சுடாமல் போன ஒரு குண்டுக்கு, புல் அறுக்கப் போன பெண்கள் விலை கொடுத்தார்கள். அதனால் கேலிபர் விவாதத்தை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை.

குண்டு எப்படிக் கொல்கிறது?

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறப்பான். நம்பாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

.30-06-ன் ஒரு வழக்கமான குண்டு 11.7 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர். உந்தம் 9.6. மான் 80 கிலோ என்று வையுங்கள். மொத்த உந்தமும் மானுக்குப் போனாலும் அது நகரும் வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர். நீங்கள் கேன்டீனுக்கு நடந்து போகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்கு! 'நாக் டவுன் பவர்' என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் இந்த 12 சென்டிமீட்டர்தான். பெரிய மேக்னம் தோட்டாவை எடுத்தால் 13 ஆகும். சந்தோஷமா?

விலங்கு சாவது தள்ளுமுள்ளுவால் இல்லை. குண்டு உள்ளே போய் விரிந்து, இதயத்தையும் நுரையீரலையும் கிழித்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றால்தான் சாகிறது. ஒரு மானின் இதயம்-நுரையீரல் பகுதி கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அந்தத் தட்டுக்குள் குண்டு போக வேண்டும், போதுமான ஆழம் போக வேண்டும், போகும்போது விரிய வேண்டும். மூன்றே நிபந்தனைதான்.

இதில் ஒரு வேடிக்கை. கொல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் செய்த விரியும் குண்டு உலகப் புகழ் பெற்றது. போரில் அந்த மாதிரிக் குண்டு கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் பிரகடனமே போட்டார்கள். ஆனால் வேட்டைச் சட்டங்கள் பல நாட்டில் அதற்கு நேர் எதிர். விரியும் குண்டுதான் போட வேண்டும் என்கின்றன. முரண்பாடு மாதிரித் தெரியும், இல்லை. போரில் காயம்பட்டவனுக்கு மருத்துவமனை இருக்கிறது. காட்டில் மானுக்கு இல்லை.

மூன்று நிபந்தனையில் முதலாவது, அதாவது தட்டுக்குள் போடுவது, சுடுகிறவன் கையில் இருக்கிறது. பெரிய கேலிபர் வந்து கெடுப்பது இதைத்தான். ஏனென்றால் துப்பாக்கி உதைக்கும்.

நியூட்டன் மூன்றாம் விதி. குண்டும் மருந்து வாயுவும் முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வரும். 3.6 கிலோ ரைஃபிள், வாயு நொடிக்கு 1300 மீட்டரில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

7x57: சுமார் 17 ஜூல்
6.5x55: சுமார் 19 ஜூல்
.30-06: சுமார் 28 ஜூல்
.300 வின்செஸ்டர் மேக்னம்: சுமார் 38 ஜூல்
.460 வெதர்பி மேக்னம் (இதற்கு மட்டும் 4.5 கிலோ துப்பாக்கி): சுமார் 140 ஜூல்

முகாமில் நாங்கள் சுட்ட .22-வில் இது கால் ஜூல்கூட வராது. அதிலேயே முதல் நாள் பாதிப் பேர் ட்ரிகர் அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டோம். "இழுக்காதே, அழுத்து" என்று ஹவில்தார் சார் கத்திக்கொண்டே இருந்தார். உதையும் சத்தமும் வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் அது முன்கூட்டியே சுருங்கும். தோள் குலுங்கும், குழல் அசையும். துப்பாக்கி வாயில் ஒரு மில்லிமீட்டர் கோணல், தூரத்தில் சாண் கணக்கில் போகும். தட்டை விட்டு வெளியே, குடலுக்கோ தாடைக்கோ.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன்.

பிடித்தது 1: 7x57 மவுசர், என்ற .275 ரிக்பி

1890-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்தது. 1893-ல் ஸ்பெயின் ராணுவம் எடுத்துக்கொண்டது. 1899-ல் தொடங்கிய போயர் யுத்தத்தில் போயர்கள் இதை வைத்துத்தான் ஆங்கிலேயரைத் திணறடித்தார்கள். தோற்கடித்தவனின் தோட்டா என்று கோபித்துக்கொள்ளாமல், லண்டன் ரிக்பி கம்பெனி அதையே அங்குலத்தில் .275 என்று பெயர் மாற்றி விற்றது. வியாபாரம்!

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு .275 ரிக்பி. 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தை 1926 மே மாதம் செத்தது இந்த ரைஃபிளில். ராத்திரியில், மரத்தின் மேல் உட்கார்ந்து, ஒரே ஒரு வெடி.

குண்டு 9 கிராம், வேகம் 810 மீட்டர், ஆற்றல் 3000 ஜூலை ஒட்டி. மானுக்கும் பன்றிக்கும் தாராளமாகப் போதும். உதையோ மேலே பார்த்தீர்கள், பட்டியலிலேயே குறைவு. சின்ன உடம்புக்காரரும் பயமில்லாமல் பழகலாம். பழகியவர் தட்டுக்குள் போடுவார்.

இங்கே யாராவது டபிள்யூ.டி.எம். பெல் பெயரை இழுப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர், அதில் பெரும்பகுதி இந்த 7 மில்லிமீட்டரில். தந்தத்துக்காக ஆயிரம் யானை என்பதில் எனக்கு ஒரு பெருமையும் தெரியவில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் சுட்டார். கருவி சின்னது, படிப்பு பெரிசு. அதைப் பார்த்து எல்லோரும் 7x57-ஐத் தூக்கிக்கொண்டு யானைக்குப் போகலாம் என்று சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் யானை, எருமைக்கெல்லாம் .375 தான் சட்டப்படி குறைந்தபட்சம். அது சரியான சட்டம். எல்லாரும் பெல் இல்லை.

பிடித்தது 2: 6.5x55 ஸ்வீடிஷ்

ஸ்வீடனும் நார்வேயும் சேர்ந்து 1891-ல் ஆரம்பித்துச் செய்த ராணுவத் தோட்டா. 7x57-ஐவிடவும் மெல்லிசு. ஆனால் அந்த ஊரில் இதை வைத்துச் சுடுவது மூஸ், அதாவது 400 கிலோவுக்கு மேல் போகக்கூடிய ராட்சத மான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஸ்காண்டிநேவியாவில் பல்லாயிரக்கணக்கில் சுடுகிறார்கள்.

எப்படிப் போதுகிறது? குண்டு மெல்லிசு, ஆனால் நீளம். பத்து கிராம் எடையும் ஒரு சின்ன வட்டத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. கோணி ஊசி மாதிரி ஆழமாகப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் வருடா வருடம் சுடும் தேர்வில் பாஸாக வேண்டும். 100 மீட்டரில் கலைமான் உருவத்தின் மேல் ஐந்து குண்டு. ஐந்தும் குறித்த இடத்துக்குள் விழ வேண்டும், நாலு விழுந்தால் ஃபெயில். அதோடு, காயம்பட்ட விலங்கைத் தேடப் பழக்கிய நாய் ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். துப்பாக்கியைச் சோதிப்பதைவிட மனிதனைச் சோதிக்கிறார்கள். மெல்லிய 6.5 அங்கே வேலை செய்வதில் ஆச்சரியமே இல்லை.

பிடித்தது 3: .30-06

இது கொஞ்சம் பெரியதுதான், ஆனாலும் பட்டியலில் வைத்திருக்கிறேன். 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதில் ஒன்று. நூறு வருடத்துக்குப் பிறகும் அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் இதற்குத் தோட்டா கிடைக்கும். மானிலிருந்து மூஸ் வரை எதற்கும் பொருத்தமான குண்டு எடையைத் தேர்ந்தெடுக்கலாம். உதை 28 ஜூல், பழகினால் தாங்கக்கூடியது. அதற்கு மேல் போவதென்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நடுவில் ஒன்று: .405 வின்செஸ்டர்

இதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்திருக்கிறேன். கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி. பெங்களூரிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி என்று அவர் சுற்றிய காடெல்லாம் நம் கிருஷ்ணகிரி மாவட்டக் காடு. அந்தக் கதைகளைப் படித்த யாருக்கும் .405 என்ற எண்ணைப் பார்த்தாலே ராத்திரியும் மரத்துமேல் பரணும் ஞாபகம் வரும். ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு எடுத்துப்போனதும் இதே .405 தான்.

ஆனால் பிசிக்ஸ் மாணவனாகப் பார்த்தால்? 19 கிராம் குண்டு, வேகம் 670 மீட்டர்தான். கனம், மந்தம். தூரம் போகப்போகக் குண்டு சீக்கிரம் இறங்கிவிடும். உதை 40 ஜூலை ஒட்டி வருகிறது, அதுவும் குறுகலான பின்கட்டை வழியாகத் தோளில். மைதானத்தில் தூரத்து மானுக்கு இது லாயக்கில்லை. முப்பதடி தூரத்தில் இருட்டில் வருகிற புலிக்கு இதைவிட நல்லது கஷ்டம். ஆக, ஒரு கேலிபரை அது போக வேண்டிய தூரத்தையும் எதிரே நிற்கும் விலங்கையும் விட்டுவிட்டுத் தனியாக எடை போடவே முடியாது.

பிடிக்காதது 1: மானுக்கு .223

நம்ம 5.56-ன் அண்ணன் தம்பி. குண்டு வெறும் 3.6 கிராம், வேகம் ஏறக்குறைய 990 மீட்டர், ஆற்றல் 1740 ஜூல். குழிமுயல், நரி மாதிரிச் சின்ன உயிர்களுக்கு நல்ல தோட்டா. குறி பார்க்க எளிது, உதை இல்லை. என் முதல் நிபந்தனைக்கு நூற்றுக்கு நூறு.

பிரச்சனை இரண்டாவது நிபந்தனையில். லேசான குண்டு வேகமாகப் போய் மேலேயே சிதறிவிட்டால், தோளெலும்பைத் தாண்டி உள்ளே போகாது. இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் இதனால்தான் பெரிய மான்களுக்கு .240-க்குக் குறையாத கேலிபர், 2305 ஜூலுக்குக் குறையாத ஆற்றல் என்று வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ரோ மானைத் தவிர்த்த பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர், 100 மீட்டரில் 2000 ஜூல். அமெரிக்காவில் கொலராடோ .24-க்குக் கீழே பெரிய விலங்கு வேட்டைக்கு விடுவதில்லை. டெக்சாஸில் விடுகிறார்கள்.

"இப்ப வருகிற கனமான, சிதறாத குண்டு போட்டால் .223-யே போதும்" என்பார்கள். கையும் குறியும் சுத்தமாக இருக்கிறவருக்கு, மான் பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்போது போதும். மான் கொஞ்சம் திரும்பினால்? எல்லாம் சரியாக நடந்தால் மட்டும் வேலை செய்கிற கருவியை நான் நல்ல கருவி என்று சொல்லமாட்டேன்.

பிடிக்காதது 2: மானுக்கு .300 மேக்னம்

இது எதிர்ப்பக்கத் தப்பு. 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், .30-06 போடுகிற அதே குண்டையே நொடிக்கு 80 மீட்டர் கூடுதல் வேகத்தில் அனுப்புகிறது. திறந்த மலைச்சரிவில் தூரத்தில் நிற்கும் எல்க் மாதிரிப் பெரிய விலங்குக்கு, நன்றாகப் பழகியவர் கையில், இதற்கு நியாயம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காட்டுக்குள் எண்பது மீட்டரில் நிற்கிற வெள்ளைவால் மானுக்கு? அந்தக் கூடுதல் வேகத்தில் கிடைப்பது என்ன? 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து 300 கஜத்தில் பார்த்தால், .30-06 குண்டு சுமார் 21, 22 சென்டிமீட்டர் இறங்கும், மேக்னம் சுமார் 18. லாபம் மூணு நாலு சென்டிமீட்டர். கொடுத்த விலை 28 ஜூல் உதை 38 ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

அதைவிட மோசம், இது கொடுக்கிற தைரியம். "நம்மகிட்ட மேக்னம் இருக்கு, கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் விழுந்துடும்" என்ற நினைப்பு. விழாது. குடலில் பட்ட மேக்னமும் குடலில் பட்ட குண்டுதான். நுரையீரலில் பட்ட 7x57 அதைவிட ஆயிரம் மடங்கு கருணையானது. தவிர, தோட்டா விலையும் அதிகம், தோளும் வலிக்கும் என்பதால் இதை வாங்கினவர் பயிற்சிக்குச் சுடுவதும் குறையும். அதிகம் பழக வேண்டிய துப்பாக்கியைக் குறைவாகப் பழகுகிறார்.

பிடிக்காதது 3: .460 வெதர்பி

1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி கம்பெனி கொண்டுவந்தது. 32 கிராம் குண்டு, வேகம் 790 மீட்டர், ஆற்றல் 10,000 ஜூலுக்கு மேல். உதை 140 ஜூல் என்று பார்த்தோம். ஒரு .22 குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது அதன் மொத்த ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான்! (தோள் முழுக்கப் பரவுவதால் ஆள் பிழைத்துக்கொள்கிறார்.)

யானைக்கும் எருமைக்கும் .375-ம் .470-ம் ஏற்கனவே பல பத்தாண்டுகளாகப் போதுமாக இருந்தன. எந்த விலங்கும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது வேறு ஏதோ. உலகத்திலேயே பெரிசு என்று சொல்லிக்கொள்வதற்காக ஒரு பொருள் செய்தால் அது இப்படித்தான் இருக்கும்.

கேலிபர் பேச்சில் மறந்துபோவது

குண்டு எதனால் ஆனது என்பதை யாரும் பேசுவதில்லை. ஈயக் குண்டு விலங்குக்குள் துகளாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலையும் எலும்பையும் கழுகுகள் தின்கின்றன. கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1982-ல் வெறும் 22 மிஞ்சியிருந்தன. அவற்றைக் காப்பாற்றி வளர்த்து வெளியே விட்டால், ஈய நஞ்சு திரும்பத் திரும்பக் கொன்றது. 2019 ஜூலை முதல் அந்த மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. செம்புக் குண்டுதான். .30-06-ஆ .300-ஆ என்று சண்டை போடுகிற நேரத்தில் இதைப் பேசினால் பறவையாவது பிழைக்கும்.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில்தான் வேட்டையே இல்லையே என்றால், பாதிதான் உண்மை. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரளா உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசும், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது. ராத்திரி முழுக்கக் காவல் இருந்தும் நிலக்கடலையையும் மரவள்ளியையும் பறிகொடுத்த விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. சுடலாமா கூடாதா என்ற விவாதம் தனி. சுடுவது என்று முடிவானபின், எதனால், யார், எவ்வளவு பயிற்சியோடு என்ற கேள்வியும் கூடவே வந்தாக வேண்டும். நார்வேக்காரரின் அந்த ஐந்து குண்டுத் தேர்வு இங்கேயும் வேண்டும் என்பேன். காயம்பட்ட பன்றி அடுத்த நாள் காலை தோட்டத்துக்கு வருகிற கூலியாள் மேல் பாயும்.

திருட்டு வேட்டையில் இந்தக் கேள்வியே கிடையாது. நாட்டுத் துப்பாக்கியில் கிடைத்ததை எல்லாம் இடித்து அடைத்துச் சுடுகிறார்கள். அதற்கு கேலிபரே இல்லை. அதைவிடக் கொடுமை அவுட்டுக்காய். தீனிக்குள் வெடி வைத்துப் பன்றிக்குப் போட, யானை கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. 2020-ல் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததைப் பார்த்து நாடே அழுதது. சம்பாவத் புலியின் உடைந்த பல்லுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே என் ஓட்டு 7x57-க்கு. பெரிசு என்பதற்காக இல்லை, போதும் என்பதற்காக. கேலிபர் சின்னதாகப் போனால் விலங்கு காயத்தோடு ஓடுகிறது. பெரிசாகப் போனால் சுடுகிறவன் நடுங்குகிறான், அப்போதும் விலங்குதான் காயத்தோடு ஓடுகிறது. நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஒரு சாதாரண மனிதன், சாதாரண பயிற்சியோடு, ஒவ்வொரு தடவையும் தட்டுக்குள் போடக்கூடிய இடம். 130 வருடத்துக்கு முன்னாலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

.460 கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் வந்து சண்டை போடலாம். தோள்பட்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள் :-)